வெளியூர்க்காரருக்குத் தொட்டால் போதும்

"ஆத்துல மேல போறீங்களா, இங்கேயே தங்குறீங்களா?"

காபிட் துறையில் படகை விட்டு இறங்கும் வெளியூர்க்காரர் யாரும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் படிக்கட்டைத் தாண்ட முடியாது. கேட்பவர் கெருன்சின். எங்கள் ஊருக்கு அப்போது சாலை கிடையாது. வருவதும் போவதும் ராஜாங் ஆற்றின் வழியாகத்தான். சீன முதலாளி லாவ் தவுக்கேயின் காப்பிக்கடை வாசலில், கவிழ்த்துப் போட்ட சோடாப் பெட்டியின் மேல் அவர் உட்கார்ந்திருப்பார். யாரும் அவரை அந்த வேலைக்கு வைக்கவில்லை. சம்பளமும் இல்லை. வேண்டாம் என்று சொல்லவும் ஆள் இல்லை.

அவர் ஈபான்காரர், இந்த ஆற்றங்கரைகளின் பழங்குடி. பாலே ஆற்றங்கரையில் ஒரு நீளவீட்டில் பிறந்தவர். ஒரே கூரையின் கீழ் இருபது முப்பது குடும்பங்கள் வரிசையாகக் கதவு வைத்து வாழும் வீடு அது. இளவயதில் நீண்ட படகுகளின் முன்முனையில் கழியோடு நின்று பாறை பார்த்துச் சொல்வது அவர் தொழில். கண் மங்கியதும் அதை விட்டார். மனைவி இறந்த பிறகு மகள் லூலோங் அவரை டவுனுக்கு அழைத்து வந்துவிட்டாள். அவள் சந்தையில் கீரையும் காட்டுப் பெரணித் தளிரும் விற்றாள். எங்கள் பக்கத்தில் மூத்த பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் பெரியவர்களைக் கூப்பிடுவோம். ஊருக்கு அவர் அப்பாய் லூலோங், லூலோங்கின் அப்பா.

பாதிரியார்களின் பள்ளியில் சமையற்கட்டு வேலை செய்தபோது கொஞ்சம் ஆங்கிலம் கற்றிருந்தார். மலாய் எல்லாருக்கும் தெரியும். லாவிடம் திட்டு வாங்கி வாங்கிச் சீனமும் வந்துவிட்டது. ஆனால் அவருடைய சாமர்த்தியம் பேச்சில் இல்லை, கேட்பதில் இருந்தது. திரும்பிப் போகிற ஒவ்வொரு பயணியையும் நிறுத்தி விசாரிப்பார். படகு எத்தனை மணிக்குக் கிளம்பியது, எந்த விடுதியில் மூட்டைப்பூச்சி, அட்டை எங்கே அதிகம், யார் வீட்டு நாய் கடித்தது. அதை அப்படியே அடுத்து வருகிறவருக்குச் சொல்வார்.

"மேல பெலாகா போகணும்னா அரசாங்க ஆபீஸ்ல சீட்டு வாங்கணும். வெள்ளிக்கிழமை மத்தியானம் போகாதீங்க, தொழுகைக்குப் போயிருப்பாங்க. படகுக்குள்ள ஏசி எலும்பு வரைக்கும் போகும், கம்பளிச் சட்டைய மேலாகவே வச்சுக்கோங்க. நீளவீட்டுக்குக் கொண்டு போற பொருள் ஒவ்வொரு கதவுக்கும் சமமாப் பங்கு வர மாதிரி இருக்கணும். ஒரே ஒரு பெரிய பொம்மையக் கொண்டு போய்க் கலகம் பண்ணாதீங்க. ஏணிக்குக் கீழ இலைக்கட்டு கட்டியிருந்தா ஏறவே ஏறாதீங்க, வெளியாள் உள்ள வரக் கூடாதுன்னு விலக்கு. படுத்திருக்கிறவங்களத் தாண்டாதீங்க. அரிசிக் கள்ளு குடுத்தா முதல் கிளாஸக் குடிங்க. ரெண்டாவதுக்கு உதட்ட நனைச்சா போதும்."

"இந்தக் கடை ஐஸ் எப்படி?" என்று பயணி கேட்டால், லாவ் கேட்கும்படியாகவே, "வேண்டாம்" என்பார்.

"என் பெட்டி மேல உக்காந்துக்கிட்டு என் வியாபாரத்தக் கெடுக்கிறியா, கிழவா?"

"உன் வயித்துப்போக்கு மாத்திரையும் நீயே விக்கிற. ரெண்டுல ஒண்ணு கெட்டா என்ன?"

எல்லாவற்றையும் சொல்லி முடித்து, கடைசியாக ஒன்றைச் சொல்வார். அதைச் சொல்லாமல் யாரையும் விட்டதில்லை. யாராவது சாப்பிடச் சொன்னால் அப்படியே எழுந்து கிளம்பாதீர்கள், வழியில் பாம்போ முதலையோ சறுக்கலோ காத்திருக்கும். ஈபான்காரர்கள் இதைப் பூனி என்பார்கள். நான் மலாய்க்காரி. எங்கள் வீட்டிலும் வேறு பெயரில் அதே பயம் உண்டு. காபிட்டில் பிறந்த சீனர்களும் வெளியே சிரிப்பார்களே தவிர, நீட்டிய தட்டைத் தொடாமல் கிளம்ப மாட்டார்கள்.

"சாப்பிட முடியலன்னா தட்டத் தொட்டுத் தொண்டையில தடவிட்டுப் போங்க. போதும்" என்பார் கெருன்சின். ஜெர்மன்காரர்களும் ஆஸ்திரேலியாக்காரர்களும் என் கண்ணெதிரில் லாவ் கடை எள்ளு ரொட்டியைத் தொட்டுத் தொண்டையைத் தடவிப் பழகிக்கொள்வார்கள்.

நான் ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஓய்வுக்குப் பிறகு வீடுகளுக்குப் போய்ப் புண் கட்டுவது, படுத்த படுக்கையாய் இருப்பவர்களைக் குளிப்பாட்டுவது என்று ஓடிக்கொண்டிருந்தேன். அப்படித்தான் கெருன்சினின் கால் என் கைக்கு வந்தது. துறைப் பலகையில் துருத்தி நின்ற ஆணி வலது பெருவிரலில் ஏறியிருக்கிறது. சர்க்கரைக்காரர், வலி தெரியவில்லை. செருப்பு நாறுகிறது என்று லாவ் கத்திய பிறகுதான் குனிந்து பார்த்திருக்கிறார்.

தினமும் கழுவிக் கட்டினேன். ஆனாலும் விரல் நுனி கறுத்தது. கறுப்பு பாதத்தை நோக்கி ஏற ஆரம்பித்ததும் எங்கள் ஊர் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் சுற்றி வளைக்கவில்லை. விரலை இப்போதே எடுத்தால் பாதம் பிழைக்கும், விட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும். ஆற்றின் கீழ்ப்பக்கம் இருக்கும் பெரிய ஊரான சிபுவின் ஆஸ்பத்திரிக்கு வெளியிலிருந்து ஒரு அறுவை டாக்டர் வந்திருக்கிறார். நாளை, வியாழக்கிழமை ஒருநாள்தான் இருப்பார், மறுநாள் விமானம் ஏறிவிடுவார். முதல் படகில் வந்தால் அன்றே செய்துவிடலாம். நள்ளிரவுக்குப் பிறகு வாயில் எதுவும் படக் கூடாது, வயிறு காலியாக இருந்தால்தான் தொடுவார்கள்.

விரலை வெட்டுவதற்குக் கெருன்சின் தயங்கவே இல்லை. "பத்து இருக்கு, ஒண்ணு போகட்டும்" என்றார். வீட்டுக்கு வந்த பிறகுதான் முகம் மாறியது.

"வெறும் வயித்தோட படகு ஏறணுமா, தங்கச்சி?"

"ஆமா."

"துறையில நாலு பேர் சாப்பிடச் சொல்வாங்களே."

"சொன்னா என்ன, அப்பாய்? தினமும் ஊருக்கெல்லாம் சொல்றீங்களே, அதையே செய்யுங்க. தட்டத் தொடுங்க, தொண்டையத் தடவுங்க, ஏறுங்க."

"அது வெளியூர்க்காரங்களுக்கு."

"முதலைக்கு உள்ளூரு வெளியூரு தெரியுமா?"

"தெரியாம என்ன? பாவம், அவங்க விவரம் தெரியாதவங்கன்னு ஆறு விட்டுடும். நான் எழுபது வருஷமா இந்த ஆத்துல சாப்பிட்டிருக்கேன். எனக்கு விவரம் தெரியாதுன்னு யார்கிட்ட சொல்றது? நம்மவங்க வாயில வைக்கணும்."

கீரைக்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்த லூலோங் நிமிர்ந்தாள். "இத்தன வருஷமா அவங்களுக்குப் பாதியச் சொல்லிக் குடுத்தீங்களா, அப்பாய்?"

"பாதி இல்ல. அவங்க வயிறு தாங்குற அளவு."

அன்றைக்கு அவரோடு வாதாடிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிந்த ஒரே வழி, கொடுக்கிறவர்களைத் தடுப்பதுதான். யாரும் எழுந்திருப்பதற்கு முன்பே அவரைப் படகில் ஏற்றிவிடுவோம், வாய் திறக்காமல் இருங்கள் என்று இருவரிடமும் சொன்னேன். லூலோங் வாய் திறக்கவில்லை. ஆனால் கெருன்சின் கேட்பாரா? அன்று மாலையே துறைக்குப் போய், இறங்கியவர் ஏறியவர் எல்லாரிடமும் நாளை முதல் படகில் சிபு போகிறேன், விரலை எடுக்கிறார்கள் என்று தகவல் சொல்லிவிட்டார். தகவலை வைத்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியாது.

விடியற்காலையில் துறைக்குப் போனால் திருவிழா. தகவல் எட்டிப் பாலேயிலிருந்து அவருடைய நீளவீட்டு ஆட்கள் ஒரு படகு நிறைய வந்திருந்தார்கள். மூங்கிலில் வெந்த கோழி, இலையில் கட்டிய பிசின் அரிசிச் சோறு, அவித்த முட்டை. எதிர்வீட்டு மலாய்க்காரி தேங்காய் வைத்த பணியாரம். லாவ் எள்ளு ரொட்டியும் வரக்காப்பியும் எடுத்து வந்திருந்தான். முந்தின நாள் வந்திறங்கிய டச்சுக்காரத் தம்பதி பிஸ்கட் பாக்கெட்டை இரண்டு கையாலும் ஏந்தி நின்றார்கள். அவர் சொல்லிக் கொடுத்த மரியாதை அது.

"யாரும் இவருக்கு எதுவும் குடுக்காதீங்க" என்றேன். "வயித்துல எதாவது இருந்தா இன்னைக்கு வெட்ட மாட்டாங்க. நாளைக்கு டாக்டர் இருக்க மாட்டாரு. அப்புறம் காலே போயிடும்."

மூங்கிலைப் பிடித்திருந்த அவருடைய அண்ணன் மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "குடுக்காம அனுப்பி வழியில எதாவது ஆனா நீ பொறுப்பேத்துக்குவியா, ஹம்சியா?"

"முதலை கடிச்சா நான் கட்டுப் போடுறேன். மயக்க ஊசி போட்டதும் வயித்துல இருக்கிறது நுரையீரலுக்குள்ள போனா நான் என்ன பண்றது?"

"ஒரு பருக்க போதும். ஒரு பருக்கைக்கு யாராவது சாவாங்களா?"

ஒரு பருக்கை என்று ஒருத்தி சொல்வாள். அங்கே நின்றது ஊர். லூலோங்கைக் காவலுக்கு நிறுத்திவிட்டுச் சீட்டு வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது லூலோங் அழுதுகொண்டிருந்தாள். அவருடைய இரண்டு கன்னமும் உப்பியிருந்தன.

"முழுங்கினீங்களா?"

இல்லை என்று தலையாட்டினார்.

"முழுங்கல" என்றான் லாவ். "நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். கொரங்கு மாதிரி எல்லாத்தையும் ஒதுக்கி வச்சிருக்கான்."

பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்து மோவாய்க்குக் கீழே பிடித்தேன். "துப்புங்க."

அவர் கண் என்னைத் தாண்டிப் போனது. கொடுத்தவர்கள் அத்தனை பேரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் எப்படித் துப்புவார்? நானாக இருந்தாலும் துப்பமாட்டேன். படகு ஊதியது. ஒரு பக்கம் லூலோங்கும் ஒரு பக்கம் நானுமாகத் தாங்கிப் பிடித்து ஏற்றினோம்.

வேகப்படகு என்பது உள்ளே நாற்காலி போட்ட இரும்புக்குழாய். முன்னால் தொலைக்காட்சியில் இரண்டு தடியர்கள் மல்யுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். சன்னலோரத்தில் அவரை உட்காரவைத்து, அவர் தொண்டையில் விரலை வைத்துக்கொண்டேன். விழுங்கினால் குரல்வளை ஏறி இறங்கும். வாதம் வந்தவர்களுக்குக் கஞ்சி கொடுக்கும்போது அப்படித்தான் பார்ப்போம். அவர் வெளியே கையசைத்தார். கரையில் எல்லாரும் கையசைத்தார்கள். படகு நகர்ந்தது. மரக்கிடங்கு போனது, பள்ளிவாசல் போனது. கன்னத்தில் எச்சில் நிறைந்து கண்ணில் நீர் வழிந்தது.

"வளைவு வரட்டும், அப்பாய். இப்ப வந்துடும்" என்று லூலோங் முதுகைத் தடவினாள்.

வளைவு திரும்பித் துறை மறைந்ததும் உறையை நீட்டினேன். கோழி, சோறு, பணியாரம், ரொட்டி, பிஸ்கட், மஞ்சள்கரு எல்லாம் விழுந்தன. விரலில் துணியைச் சுற்றி ஈறு ஓரமெல்லாம் துழாவினேன். தண்ணீர் கொடுத்துக் கொப்பளிக்கச் சொன்னேன். பக்கத்து இருக்கைக்காரர் மல்யுத்தத்தை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்.

"உள்ள என்ன போச்சு? உண்மையச் சொல்லுங்க."

"காப்பி. காப்பிய ஒதுக்கி வைக்க முடியல."

"எவ்வளவு?"

"ஒரு வாய். வேண்டாம்னா லாவ் மூஞ்சி வாடிப் போச்சு, அதான்."

சர்க்கரை மாத்திரையை அன்று நிறுத்தியிருந்தேன். வெறும் வயிற்றில் போட்டால் படகிலேயே மயங்கி விழுவார். கையைப் பிடித்துப் பார்த்தேன், குளிர்ந்து வேர்க்கவில்லை. ஏசிக்குக் கம்பளிச் சட்டையை மாட்டிவிட்டேன். வாலிபத்தில் ரப்பர் ஏற்றிய மெதுவான படகில் சிபு போனதோடு சரி, இந்த வேகப்படகில் அவர் ஏறியதே இல்லை. இத்தனை வருடங்களாகச் சொன்னதெல்லாம் கேட்டுச் சொன்னதுதான். கொஞ்ச நேரத்தில் சிறுநீர் கழிக்க வேண்டும் என்றார். நானும் லூலோங்கும் பின்பக்கம் கூட்டிப்போனோம். எஞ்சினுக்குப் பக்கத்தில், ஒரு கையகல விளிம்பில் கால் வைத்துக் கம்பியைப் பிடித்துத் தாண்டினால்தான் கழிப்பறைக் கதவு. கீழே ஆறு நுரைத்துக்கொண்டு ஓடியது.

அவர் நின்று பார்த்தார். "படகுல பின்னாடி கக்கூஸ் இருக்கு, கவலையே வேண்டாம்னு சொல்லி அனுப்பினேனே."

"எத்தன பேர?"

"எல்லாரையும். போன மாசம் வந்துட்டுப் போன அந்த நார்வே கிழவியையும்." திரும்பி வந்து உட்கார்ந்தார். விரலைப் பற்றிக் கவலைப்படாத மனிதர் அந்தக் கிழவியைப் பற்றிச் சிபு வரும்வரை கவலைப்பட்டார்.

ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்ட நர்ஸ் இளம்பெண். கையில் பேனாவோடு, "காலையிலேர்ந்து ஏதாவது சாப்பிட்டீங்களா, தாத்தா?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார். "மூங்கில் கோழி. பிசின் அரிசிச் சோறு. முட்டை. பணியாரம். எள்ளு ரொட்டி. வெளிநாட்டு பிஸ்கட். காப்பி."

பேனா நின்றது. "இன்னைக்குக் காலையிலயா?"

"ஆமா. துறையில."

வார்டில் எத்தனையோ பேரை இதே கேள்விக்குப் பிறகு திருப்பி அனுப்பிப் பார்த்தவள் நான். நர்ஸ் எழுதுவதை விட்டுவிட்டு அவர் கழுத்தில் இருந்த பழைய ஈபான் பச்சைக்குத்தைப் பார்த்தாள். பிறகு தன் சட்டையில் குத்தியிருந்த பெயரை நிமிர்த்திக் காட்டினாள். ஜெலியா, ஈபான் பெயர்.

"பூனிக்கா, தாத்தா?"

"பின்ன என்ன, பசிக்கா?"

"முழுங்கினீங்களா, வச்சிருந்தீங்களா?"

"வச்சிருந்தேன். வளைவு தாண்டித் துப்பிட்டேன். இந்த மலாய்க்காரி கழுத்தப் புடிச்சுக்கிட்டே வந்தா."

என்னிடம் திரும்பினாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். உறையையும் எடுத்துக் காட்டினேன். அது தேவைப்படும் என்று தெரிந்துதான் எறியாமல் வைத்திருந்தேன். ஜெலியா அதைப் பிரித்துக் கூடப் பார்க்கவில்லை. டாக்டரைத் தேடிப் போனாள்.

டாக்டர் அவசரக்காரர். வந்ததும் காலைத்தான் முதலில் பார்த்தார். கறுப்பு எங்கே முடிகிறது என்று பேனாவால் கோடு போட்டார்.

"காப்பி பால் விட்டதா?"

"வரக்காப்பி" என்றேன்.

"எவ்வளவு?"

"ஒரு வாய்" என்றார் கெருன்சின். "நல்லாவும் இல்ல."

டாக்டர் என்னைப் பார்த்தார். "மத்தது எதுவும் உள்ள போகலன்னு நீங்க உறுதியா சொல்வீங்களா?"

"தொண்டையில விரல் வச்சிருந்தேன். எச்சில் போச்சு. சோறு போகல."

"கடைசியா எடுத்துக்கிறேன், சாயங்காலம். மயக்க மருந்து வேண்டாம், இடுப்புக்குக் கீழ மரத்துப்போக ஊசி மட்டும். அதுவரைக்கும் ஒரு சொட்டு உள்ள போனாலும் நான் கிளம்பிடுவேன்."

அவர் போனதும் பக்கத்துக் கட்டில்காரர், ஒரு சீனக் கிழவர், உரித்த ஆரஞ்சுச் சுளையை முதலில் என்னிடம் நீட்டினார். "சாப்புடுங்க, தூரத்துலேர்ந்து வந்திருக்கீங்க."

ஜெலியா கையை வீசிப் பச்சைத் திரையைச் சுற்றிலும் இழுத்துவிட்டாள். "நீட்டினாத்தான தாத்தா மறுக்கணும்? யாரும் உங்களப் பாக்க வேண்டாம்" என்று திரைக்கு மூன்று பக்கமும் ஊக்கு குத்திவிட்டாள். ஒரு ஈபான்காரப் பெண்ணுக்குத்தான் அது தோன்றும். எனக்குத் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை.

பிற்பகல் முழுவதும் அவர் அந்தத் துணிக் கூண்டுக்குள் படுத்திருந்தார். நான் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். குறைந்தால் குளுக்கோஸ் ஏற்ற ஆள் தயாராக இருந்தது. சீனக் கிழவர் தன் மகனைப் பார்க்கக் காபிட் வரப்போவதாகச் சொல்ல, திரைக்கு உள்ளிருந்து குரல் வந்தது.

"கம்பளிச் சட்டை எடுத்துக்கோங்க. கிளம்புறதுக்கு முன்னாடி துறைக் கக்கூஸ்ல போயிட்டு ஏறுங்க. படகுல இருக்குன்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க."

விளக்கு ஏற்றும் நேரத்தில் கூப்பிட்டார்கள். தள்ளுவண்டி போய்த் திரும்பி வரும்வரை லூலோங் என் கையை விடவில்லை. எனக்கு வலித்தது, சொல்லவில்லை. டாக்டர் முகமூடியை இறக்கிவிட்டு வந்தார். பெருவிரல் அடியோடு போய்விட்டது, அதற்கு மேல் எலும்பு சுத்தம், பாதம் நிற்கும் என்றார். காலையில் அவர் விமானம் ஏறும்போது கெருன்சின் இரண்டாவது கிண்ணம் கஞ்சியை நக்கிக்கொண்டிருந்தார்.

புண் ஆற மாதங்கள் ஆயின. சர்க்கரைக்காரரின் புண் அப்படித்தான். தினமும் கட்டினேன், தினமும் திட்டினேன். ஆறியதும் ஒரு சிக்கல் வந்தது. பெருவிரல் இல்லாத காலில் ரப்பர் செருப்பு நிற்கவில்லை. வார் மாட்டிக்கொள்ள இடமில்லை. ஓரடி வைத்தால் செருப்பு பின்தங்கி நின்றது. லாவ் தன் மகனுடைய பழைய கான்வாஸ் ஷூவைக் கொண்டுவந்து போட்டான்.

"நாறினா வெளிய தூக்கிப் போட்டுடுவேன்."

"உன் மகன் கால் நாத்தமே போதும். என்னுது அதுல தெரியாது."

ஷூவின் முன்பக்கத்தில் பஞ்சு வைத்துக் கட்டிக் கொடுத்தேன். முதல்முறை தனியாகத் துறைப் படிக்கட்டில் இறங்குகிறேன் என்றார். பெருவிரல் போனால் உடம்பு முன்பக்கம் சாயும், கையைப் பிடிக்கிறேன் என்றேன். கேட்கவில்லை. கீழே படகிலிருந்து முதுகில் மூட்டையோடு இரண்டு பெண்கள் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். அவர் குதிகாலை முதலில் ஊன்றி, பக்கவாட்டாக நண்டு போல இறங்கினார். ஒரு படி பின்னால் கையை நீட்டிக்கொண்டு நானும் இறங்கினேன்.

நடுவில் ஒருமுறை தள்ளாடினார், தானே நிமிர்ந்தார். அந்தப் பெண்களில் ஒருத்தி கை கொடுக்க வந்தாள்.

"கை வேண்டாம், வழி விடுங்க" என்றார். "மேல போறீங்களா, தங்குறீங்களா?"

அவர்கள் பதில் சொல்லத் தொடங்கினார்கள். நான் கையை இறக்கிக்கொண்டு, பள்ளிவாசல் தெருவில் ஒரு கிழவிக்குப் படுக்கைப்புண் கட்டப் போய்விட்டேன்.